மூன்று வேலையும் ஒரே அளவு என்றால் ரவுண்ட் ராபின் தோற்கிறதே, ஏன்?

தேன்மொழி_ஓஎஸ்:
எல்லோருக்கும் வணக்கம். ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் லேப்புக்காகச் சின்னதாக ஒரு ஷெட்யூலர் சிமுலேட்டர் எழுதினேன். எந்த ப்ராசஸை (ஓடும் நிரலை) அடுத்துச் சிபியுவில் ஓட்டுவது என்று தீர்மானிப்பதுதான் ஷெட்யூலர். வந்த வரிசைப்படியே ஓட்டுவது (எஃப்சிஎஃப்எஸ்), ஒவ்வொன்றுக்கும் டைம் ஸ்லைஸ் என்று கொஞ்ச நேரம் கொடுத்துச் சுற்றிச் சுற்றி ஓட்டுவது (ரவுண்ட் ராபின்) இரண்டுக்கும் ஒரே உள்ளீட்டைக் கொடுத்துப் பார்த்தேன். மூன்று ப்ராசஸ், மூன்றும் 0-வது மில்லிசெகண்டில் வந்தவை, மூன்றுக்கும் தலா 10 மில்லிசெகண்ட் சிபியு வேலை.

எஃப்சிஎஃப்எஸ் முறையில் முடிந்த நேரம் 10, 20, 30. சராசரி 20.
ரவுண்ட் ராபின், டைம் ஸ்லைஸ் 1 என்றால் 28, 29, 30. சராசரி 29.
ஸ்லைஸ் 5 என்றால் 20, 25, 30. சராசரி 25.
ஸ்லைஸ் 10 என்றால் மறுபடி எஃப்சிஎஃப்எஸ் மாதிரியே 20.

ஸ்லைஸைக் குறைக்கக் குறைக்க மோசமாகத்தான் போகிறது. இதில் கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச் செலவை, அதாவது ஒரு ப்ராசஸிலிருந்து இன்னொன்றுக்கு மாற ஆகும் நேரத்தை, நான் சேர்க்கவே இல்லை. வகுப்பில் ரவுண்ட் ராபின்தான் நியாயமான முறை என்று சொல்லிக்கொடுத்தார்கள். யாருக்கு நியாயம் என்றுதான் புரியவில்லை. முதல் ப்ராசஸ் 10-இல் முடிய வேண்டியது 28-க்குத் தள்ளிப்போகிறது. அதை நிறுத்திவைத்ததால் கடைசி ப்ராசஸுக்கு ஒரு மில்லிசெகண்ட்கூட லாபம் இல்லை, அது எப்படியும் 30-இல்தான் முடிகிறது. கோடில் பிழையா, இல்லை கணக்கே இப்படித்தானா?

நான்காம்_செமஸ்டர்:
எனக்கும் இதே மாதிரிதான் வந்தது. தேர்வில் "ரவுண்ட் ராபினின் நன்மைகள்" என்று கேட்டால் எழுதிவிடுவேன், ஆனால் கணக்கில் அந்த நன்மை எங்கே தெரிகிறது என்று கேட்டால் பதில் இல்லை. பின்தொடர்கிறேன்.

கெர்னல்_கதிர்:
தேன்மொழி, கோடு சரி, கணக்கும் சரி. ஒரே அளவுள்ள வேலைகள் ஒரே நேரத்தில் வந்தால் முடியும் நேரத்தின் சராசரியில் ரவுண்ட் ராபின் தோற்கத்தான் செய்யும். எல்லோரையும் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டுவதால் எல்லோருமே கடைசி நேரத்தை ஒட்டித்தான் முடிப்பார்கள்.

உள்ளீட்டை மட்டும் மாற்றிப் பாருங்கள். முதல் ப்ராசஸுக்கு 100, இரண்டாவதற்கு 3, மூன்றாவதற்கு 2. இதே வரிசையில் வந்து நிற்கின்றன, ஸ்லைஸ் 2.

எஃப்சிஎஃப்எஸ்: முடிவது 100, 103, 105. சராசரி 102.67.
ரவுண்ட் ராபின்: மூன்றாவது 6-இல் முடிகிறது, இரண்டாவது 9-இல் முடிகிறது, பெரிய வேலை 105-இல் முடிகிறது. சராசரி 40.

பெரிய வேலைக்கு என்ன நஷ்டம்? 5 மில்லிசெகண்ட். சின்ன வேலைகளுக்கு என்ன லாபம்? 100-க்கு மேல் காத்திருக்க வேண்டியவை 10-க்குள் முடிந்து போய்விட்டன. இப்போது சின்னதை முதலில் ஓட்டும் முறையையும் போட்டுப் பாருங்கள்: 2, 5, 105. சராசரி 37.33. கோட்பாட்டில் இதைவிடக் குறைவாக யாராலும் கொண்டுவர முடியாது. ஆனால் அந்த முறைக்கு எந்த வேலை எவ்வளவு நேரம் எடுக்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ரவுண்ட் ராபினுக்கு அப்படி எதுவுமே தெரியாது. தெரியாமலே 40-க்கு வந்துவிட்டது பாருங்கள், எனக்கு அதில் பெரிய மரியாதை உண்டு.

இன்னொன்று. நீங்கள் அளந்தது முடியும் நேரத்தை. உங்கள் முதல் உள்ளீட்டிலேயே ஒவ்வொரு ப்ராசஸும் முதல் தடவை சிபியுவைத் தொட்ட நேரத்தை அளந்திருந்தால் எஃப்சிஎஃப்எஸ்-இல் 0, 10, 20. ரவுண்ட் ராபினில் 0, 1, 2. வரிசையில் n ப்ராசஸ் இருந்து ஸ்லைஸ் q என்றால், எந்த ப்ராசஸும் தன் அடுத்த முறைக்காக (n−1)×q-க்கு மேல் காத்திருக்காது. ஸ்விட்ச் செலவை விட்டுவிட்டுச் சொல்கிறேன். முன்னால் நிற்பவர் எவ்வளவு பெரிய வேலையோடு வந்திருந்தாலும் இந்த எல்லை மாறாது. எஃப்சிஎஃப்எஸ்-இல் இப்படி ஒரு எல்லையை எழுதிக் கொடுக்கவே முடியாது. நியாயம் என்று வகுப்பில் சொன்னது இதைத்தான்.

தேன்மொழி_ஓஎஸ்:
நன்றி அண்ணா. 100, 3, 2 போட்டுப் பார்த்தேன், நீங்கள் சொன்ன எண்களே வந்தன. அப்படியானால் எது நல்லது என்பது வேலைகளின் அளவு எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தானா? பொதுவாக எப்போது எது வெல்லும் என்று சொல்ல முடியுமா?

வரிசைக்_கணக்கு:
முடியும், இது 1960-களிலேயே லெனார்ட் கிளைன்ராக் போட்டுக் காட்டிய கணக்கு. ஸ்லைஸைப் பூஜ்யத்தை நோக்கிக் குறைத்துக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று பார்த்தார். அந்த எல்லையில் சிபியு எல்லா வேலைகளையும் ஒரே நேரத்தில், சம பங்கில் ஓட்டுவது போல் ஆகிவிடுகிறது. ப்ராசஸர் ஷேரிங் என்பார்கள்.

வேலைகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வந்துகொண்டே இருக்கின்றன, சிபியு மொத்தத்தில் 80 சதவீதம் நேரம் வேலையில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ப்ராசஸர் ஷேரிங்கில் x அளவுள்ள வேலை முடிய சராசரியாக x-ஐ (1−0.8)-ஆல் வகுத்த நேரம், அதாவது 5x ஆகும். 1 மில்லிசெகண்ட் வேலைக்கு 5, 100 மில்லிசெகண்ட் வேலைக்கு 500. சின்னதோ பெரியதோ எல்லாவற்றுக்கும் ஒரே விகிதத்தில்தான் தாமதம். மற்றவர்களுடைய வேலைகளின் அளவு எப்படிச் சிதறியிருந்தாலும் இந்த 5x மாறாது.

எஃப்சிஎஃப்எஸ்-இல் காத்திருப்பு நேரம் அந்தச் சிதறலைப் பொறுத்தது. எல்லாம் ஒரே அளவு என்றால் சிதறலே இல்லை, அப்போது எஃப்சிஎஃப்எஸ் வெல்லும். தேன்மொழி தற்செயலாக எடுத்த உள்ளீடு அதற்குச் சாதகமான உச்சம். அளவுகள் எக்ஸ்போனென்ஷியல் பரவலில் (சின்னவை நிறைய, அளவு கூடக்கூட வேகமாகக் குறைவது) இருந்தால் இரண்டு முறைக்கும் சராசரி சரிசமம். அதைவிடச் சிதறல் கூடக்கூட, அதாவது நிறைய சின்ன வேலைகளுக்கு நடுவே எப்போதாவது ஒரு ராட்சத வேலை வந்தால், எஃப்சிஎஃப்எஸ் சரிந்துகொண்டே போகும், ரவுண்ட் ராபின் அசையாது. நிஜக் கணினிகளில் வேலைகள் பெரும்பாலும் அந்தக் கடைசி வகைதான்.

தேன்மொழி_ஓஎஸ்:
இது அருமை சார். அப்படியென்றால் ஸ்லைஸை முடிந்த மட்டும் சின்னதாக்கிவிட வேண்டியதுதானே? 1 மைக்ரோசெகண்ட் வைத்தால் கிட்டத்தட்ட ப்ராசஸர் ஷேரிங்கே கிடைத்துவிடுமே?

கெர்னல்_கதிர்:
கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச் விடாது. ஒரு ஸ்விட்சுக்கு s, ஸ்லைஸ் q என்றால் s/(q+s) பங்கு வீண். s-உம் q-உம் 1 மைக்ரோசெகண்ட் என்றால் சிபியுவின் பாதி ஆயுள் ஆள் மாற்றுவதிலேயே போய்விடும்.

அந்த s-இல் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். எம்ஐடி பாடத்துக்காக எழுதிய எக்ஸ்வி6 என்ற சின்ன ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கோடை எடுத்துப் படியுங்கள், ஷெட்யூலரை நேரில் பார்க்க அதைவிட எளிய இடம் எனக்குத் தெரியாது. அதில் இருப்பது சுத்தமான ரவுண்ட் ராபின். ஓடத் தயாரானவர்களுக்கென்று தனியாக ஒரு வரிசை (ரெடி க்யூ) கூடக் கிடையாது. 64 இடம் உள்ள ப்ராசஸ் பட்டியலில் வரிசையாக நடந்துபோய், ஓடத் தயாராக இருப்பதை ஓட்டுகிறது. டைமர் இன்டரப்ட் (கடிகாரம் சிபியுவை இடைமறிக்கும் அறிவிப்பு) வந்ததும் ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ் யீல்ட் ஃபங்ஷனுக்குள் போய், "நான் இன்னும் தயார்தான்" என்று குறித்துவிட்டு சிபியுவை விட்டுக்கொடுக்கிறது. ரிஸ்க்-ஃபைவ் வகைச் சிபியுவுக்கான பதிப்பில் அந்த மாற்றம் எடுத்துவைப்பது 14 ரிஜிஸ்டர்கள் (சிபியுவுக்குள்ளேயே இருக்கும் சின்னச் சேமிப்பிடங்கள்) மட்டுமே. அதற்கு ஆகும் நேரம் மிகக் குறைவு.

பெரிய செலவு அதற்கு அப்புறம்தான் வருகிறது. புதிதாக உள்ளே வந்த ப்ராசஸின் தரவு கேச்சில் (சிபியுவை ஒட்டியுள்ள சின்ன, வேகமான மெமரியில்) இருக்காது, முன்னால் ஓடியவருடையதுதான் அங்கே நிறைந்திருக்கும். அரை மெகாபைட் தரவை வைத்து வேலை செய்யும் ப்ராசஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். 64 பைட் வரிகளாகப் பிரித்தால் 8192 வரி. ஒவ்வொன்றையும் மெமரியிலிருந்து கொண்டுவர 50 நானோசெகண்ட் என்று எடுத்தால் மொத்தம் சுமார் 0.4 மில்லிசெகண்ட். முன்கூட்டியே இழுத்துவைக்கும் வசதியால் நிஜத்தில் இது குறையும், ஆனாலும் ரிஜிஸ்டர் மாற்றும் நேரத்தைப் போல் பல மடங்கு. மெமரி முகவரிகளை மாற்றித் தரும் பக்க அட்டவணை மாறுவதால், அதற்கான கேச்சான டிஎல்பியும் பெரும்பாலும் பாதிக்கப்படும். ஸ்லைஸ் 0.1 மில்லிசெகண்ட் வைத்தால் அந்த ப்ராசஸ் தன் கேச்சை நிரப்பி முடிப்பதற்குள் வெளியே தள்ளப்பட்டுவிடும். அதனால் s என்பது மாறிலி அல்ல, எந்த ப்ராசஸ் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. சிமுலேட்டரில் ஒரே எண்ணாகப் போடலாம், தப்பில்லை, ஆனால் இதை மனதில் வையுங்கள்.

பழைய_டெர்மினல்:
கதிர் சொன்னதற்கு வரலாற்றில் ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. இந்த இழையில் சிடிஎஸ்எஸ் என்ற பழைய டைம் ஷேரிங் சிஸ்டத்தின் பேச்சு வராமல் போகக்கூடாது.

டைம் ஷேரிங் (ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்வது) வேண்டும் என்று ஜான் மெக்கார்த்தி 1959-லேயே எம்ஐடியில் எழுதிக் கேட்டிருந்தார். 1961 நவம்பரில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழு சிடிஎஸ்எஸ்-ஐ ஐபிஎம் 709 கணினியில் ஓட்டிக் காட்டியது. அப்புறம் 7090, 7094 என்று நகர்ந்தது. பயனர்களின் நிரலுக்கு இருந்த மெமரி 32,768 சொற்கள், அவ்வளவுதான். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற வேண்டுமென்றால் ரிஜிஸ்டரை மட்டும் மாற்றினால் போதாது. முன்னவரின் நிரலை வெளியே எழுதி, அடுத்தவரின் நிரலை உள்ளே இழுக்க வேண்டும். அந்த s எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள். எல்லோருக்கும் ஒரே சின்ன ஸ்லைஸ் என்று வைத்தால் கணினி நாள் முழுக்க நிரல்களை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்திருக்கும்.

கோர்பாட்டோ குழு 1962-இல் வெளியிட்ட தீர்வு இது. ஒரு வரிசைக்குப் பதிலாகப் பல மட்டங்கள். மேல் மட்டத்தில் ஸ்லைஸ் q, அடுத்த மட்டத்தில் 2q, அதற்கடுத்து 4q, இப்படி ஒவ்வொரு மட்டத்துக்கும் இரட்டிப்பு. கொடுத்த ஸ்லைஸுக்குள் முடிக்காத ப்ராசஸ் ஒரு மட்டம் கீழே இறங்கும். மேல் மட்டங்கள் காலியாக இருந்தால்தான் கீழ் மட்டம் ஓடும். 1023 q நேரம் எடுக்கும் வேலை சாதாரண ரவுண்ட் ராபினில் 1023 தடவை உள்ளே வர வேண்டும். இங்கே 1+2+4 என்று கூட்டிக்கொண்டே போனால் 10 தடவையில் முடிந்துவிடும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இன்னொன்று. புதிதாக வரும் நிரல் எந்த மட்டத்தில் தொடங்கும் என்பதை அதன் அளவை வைத்தே தீர்மானித்தார்கள். ஏற்றி இறக்க அதிக நேரம் பிடிக்கும் பெரிய நிரல் கீழ் மட்டத்தில், நீளமான ஸ்லைஸோடு தொடங்கும். மாற்றும் செலவையும் ஸ்லைஸையும் நேரடியாக ஒன்றோடொன்று கட்டிவிட்டார்கள். கோர்பாட்டோவுக்கு 1990-இல் டூரிங் விருது கொடுத்தார்கள், இந்த வேலைக்கு அது தகும்.

நான்காம்_செமஸ்டர்:
குறுக்கே ஒரு சின்ன சந்தேகம், தேர்வுக்கு வேண்டும். ஒரு ப்ராசஸின் ஸ்லைஸ் முடியும் அதே நொடியில் புது ப்ராசஸ் ஒன்று வந்தால் வரிசையில் யார் முன்னால்? இணையத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் போடுகிறார்கள்.

வரிசைக்_கணக்கு:
பெரும்பாலான தேர்வுகளில் புதிதாக வந்தவர் முன்னால், ஸ்லைஸ் தீர்ந்தவர் பின்னால். ஆனால் விடையில் அதை ஒரு வரி எழுதிவிட்டுத் தொடங்குங்கள், ஏனென்றால் விடையே மாறும். ஸ்லைஸ் 2, முதல் ப்ராசஸ் 0-இல் வருகிறது, வேலை 4. இரண்டாவது 2-இல் வருகிறது, வேலை 3. புதியவர் முன்னால் என்றால் முதல் ப்ராசஸ் 6-இலும் இரண்டாவது 7-இலும் முடிகிறது. காத்திருப்பு 2, 2, சராசரி 2. பழையவர் முன்னால் என்றால் 4, 7. காத்திருப்பு 0, 2, சராசரி 1.

நான்காம்_செமஸ்டர்:
தெளிவாகிவிட்டது சார், நன்றி.

சென்சார்_செல்வி:
தேன்மொழி, உங்கள் சிமுலேட்டரில் எல்லா ப்ராசஸும் சிபியுவை மட்டுமே கேட்கின்றன. ஐ/ஓ (டிஸ்க் போன்றவற்றோடு உள்ளீடு, வெளியீடு) செய்யும் ப்ராசஸ் ஒன்றைச் சேருங்கள், ரவுண்ட் ராபினின் நிஜமான பலவீனம் அங்கேதான் இருக்கிறது.

ஸ்லைஸ் 20 மில்லிசெகண்ட். சிபியுவை விடாமல் தின்னும் ப்ராசஸ் இரண்டு. மூன்றாவது ப்ராசஸ் 1 மில்லிசெகண்ட் ஓடி, டிஸ்க்கிடம் ஏதோ கேட்டுவிட்டு 5 மில்லிசெகண்ட் தூங்கி, மறுபடி எழும். அது 0-இல் ஓடி 1-இல் தூங்கப் போகிறது. முதல் தின்னி 21 வரை ஓடும். டிஸ்க் ப்ராசஸ் 6-லேயே எழுந்துவிட்டது, ஆனால் வரிசையில் இரண்டாவது தின்னிக்குப் பின்னால்தான் இடம். அவர் 41 வரை ஓடுவார். அப்புறம்தான் இதற்கு 1 மில்லிசெகண்ட்.

ஆக 41-இல் 1, அதாவது 2.4 சதவீதம் சிபியு. இரண்டு தின்னிகளுக்கும் தலா 48.8 சதவீதம். டிஸ்க் ப்ராசஸ் மூன்றில் ஒரு பங்குகூடக் கேட்கவில்லை, 6-இல் 1 கிடைத்தால் போதும் என்று இருந்தது. ரேஷன் கடையில் ஒரு கையெழுத்துக்காக மட்டும் நிற்பவரை, ஒவ்வொரு தடவையும் மூட்டைகளோடு நிற்பவர்களுக்குப் பின்னால் போய் நிற்கச் சொல்வது போலத்தான் இது. டிஸ்க்கும் 41-இல் 5 மில்லிசெகண்ட்தான் வேலை செய்கிறது, மீதி நேரம் சும்மா இருக்கிறது. சிபியு முழு நேரமும் ஓடுவதால் வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் நன்றாக நடப்பது போலவே தெரியும்.

இதைச் சரிசெய்ய, ஐ/ஓ முடிந்து எழுபவர்களுக்குத் தனியாக ஒரு முன்வரிசை வைப்பார்கள். முன்பு மிச்சம் வைத்த ஸ்லைஸை மட்டும் அதில் ஓடலாம். விர்ச்சுவல் ரவுண்ட் ராபின் என்று இதற்குப் பெயர். மேலே ஐயா சொன்ன பல மட்ட வரிசையும் இதே நோயைக் குணமாக்குகிறது. சீக்கிரம் தூங்கப் போகிறவர் மேல் மட்டத்திலேயே தங்கிவிடுவார்.

கெர்னல்_கதிர்:
செல்வி மேடம் சொன்ன இந்தக் கணக்கை ஒவ்வொரு லேப்பிலும் போடவைக்க வேண்டும். சிபியு நேரத்தைச் சமமாகப் பங்கு போடுவதும் முறை எண்ணிக்கையைச் சமமாகப் பங்கு போடுவதும் வேறு வேறு. ரவுண்ட் ராபின் பங்கு போடுவது முறையை. ஒரு முறையில் 1 மில்லிசெகண்ட் எடுப்பவரும் 20 எடுப்பவரும் அதன் கண்ணில் ஒன்றுதான்.

பழைய_டெர்மினல்:
நெட்வொர்க் ஆட்கள் இதே சிக்கலில் மாட்டி அழகாக வெளியே வந்தார்கள். ரூட்டரில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு பாக்கெட் என்று சுற்றி வந்தால் பெரிய பாக்கெட் அனுப்புபவருக்கு அதிகப் பங்கு போய்விடும். 1995-இல் ஸ்ரீதரும் ஜார்ஜ் வர்கீஸும் டெஃபிசிட் ரவுண்ட் ராபினைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு வரிசைக்கும் இத்தனை பைட் என்று ஒதுக்கீடு. முன்னால் நிற்கும் பாக்கெட் அந்த ஒதுக்கீட்டுக்குள் அடங்காவிட்டால் பாக்கி அடுத்த சுற்றுக்குப் போகும். முறையை எண்ணுவதை விட்டுவிட்டுப் பைட்டை எண்ணினார்கள்.

சென்சார்_செல்வி:
என் துறையிலிருந்து ஒன்று சொல்லிவிடுகிறேன், சின்னக் கருவிகளுக்கான ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு உதவும். அதில் பிரையாரிட்டிதான் முதல். சம பிரையாரிட்டி உள்ள டாஸ்க்குகளுக்கு நடுவில் மட்டும் ரவுண்ட் ராபின், ஸ்லைஸ் எப்போதும் ஒரு டிக் (கடிகாரத்தின் ஒரு துடிப்பு). டிக் 1000 ஹெர்ட்ஸ் என்று அமைத்தால் 1 மில்லிசெகண்ட். இந்த டாஸ்க்குக்கு 3 டிக், அந்த டாஸ்க்குக்கு 1 டிக் என்று கொடுக்க வழி இல்லை. டைம் ஸ்லைசிங்கை அமைப்புக் கோப்பில் அணைத்துவிடவும் செய்யலாம், அப்போது டிக் வந்தாலும் சம பிரையாரிட்டிக்காரர் மாறமாட்டார்.

பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. ஒரு டாஸ்க் டிக்கின் நடுவில் தானே தூங்கிவிட்டால், அடுத்து வருபவருக்குக் கிடைப்பது முழு மில்லிசெகண்ட் அல்ல, அந்த டிக்கின் மிச்சம்தான். முதல் டாஸ்க் ஒவ்வொரு தடவையும் 0.9 மில்லிசெகண்ட் ஓடித் தூங்கினால் அடுத்தவர் 0.1-லேயே நிறுத்தப்படுவார். இரண்டுக்கும் ஒரே பிரையாரிட்டி கொடுத்தேன், ஒன்று மட்டும் ஏன் பின்தங்குகிறது என்று குழம்புபவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

தேன்மொழி_ஓஎஸ்:
நன்றி அக்கா. இப்போது ஒரு பொதுக் கேள்வி. நாங்கள் தினமும் பயன்படுத்தும் லினக்ஸிலும் விண்டோஸிலும் ஓடுவது ரவுண்ட் ராபின்தானா?

கெர்னல்_கதிர்:
லினக்ஸில் சாதாரண ப்ராசஸ்களுக்கு இல்லை. உலாவி, கம்பைலர் எல்லாம் அந்த வகைதான். நிகழ்நேரப் பிரிவில் ஸ்கெட் ஆர்ஆர் என்று ஒரு கொள்கை இருக்கிறது, அது ரவுண்ட் ராபின். அதன் இயல்பான ஸ்லைஸ் 100 மில்லிசெகண்ட். ஆனால் அதிலும் 1 முதல் 99 வரை பிரையாரிட்டி உண்டு, சுற்று நடப்பது ஒரே பிரையாரிட்டிக்குள் மட்டும். மேலே ஒருவர் விடாமல் ஓடினால் கீழே இருப்பவருக்கு முறை வராது. உயர்ந்த பிரையாரிட்டிக்காரர் குறுக்கே வந்து நிறுத்திவிட்டால், நிறுத்தப்பட்டவர் தன் வரிசையின் தலையிலேயே இருப்பார், திரும்பி வந்ததும் மிச்ச ஸ்லைஸை முடிப்பார். சிமுலேட்டர் எழுதுபவர்கள் பெரும்பாலும் அவரை வாலில் போட்டுவிடுகிறார்கள்.

சாதாரண ப்ராசஸ்களுக்கு 2007-இல், 2.6.23 பதிப்பில் சிஎஃப்எஸ் என்ற ஷெட்யூலர் வந்தது. ஒவ்வொருவரும் இதுவரை எவ்வளவு ஓடினார்கள் என்று கணக்கு வைத்து, குறைவாக ஓடியவரை அடுத்து எடுக்கும். நிலையான ஸ்லைஸ் கிடையாது. ஒரு குறிப்பிட்ட கால அளவை ஓடத் தயாராக இருப்பவர்களுக்குப் பங்கு போடும். 8 கோர் கணினியில் இயல்பாக அந்த அளவு 24 மில்லிசெகண்ட், ஆனால் ஒருவருக்கு 3-க்குக் கீழே குறையவிடாது. முன்னால் பேசிய s-க்குப் பயந்துதான் அந்தத் தரைமட்டம். 2023-இல் 6.6 பதிப்போடு இஇவிடிஎஃப் அந்த இடத்துக்கு வந்தது. அயன் ஸ்டோய்கா, ஹுசைன் அப்தெல்-வஹாப் இருவரும் 1990-களில் எழுதியதை அடிப்படையாக வைத்து பீட்டர் ஜில்ஸ்ட்ரா கொண்டுவந்தது. ஒவ்வொருவருக்கும் உரிய பங்கில் எவ்வளவு பாக்கி என்று பார்க்கும், பாக்கி உள்ளவர்களில் யாருடைய கெடு முன்னால் வருகிறதோ அவரை ஓட்டும். சின்ன ஸ்லைஸ் போதும் என்பவருக்குக் கெடு சீக்கிரம் வரும். மொத்தப் பங்கு கூடாது, முறை மட்டும் அடிக்கடி வரும். செல்வி மேடத்தின் டிஸ்க் ப்ராசஸுக்கு வேண்டியது அதுதான்.

சர்வர்_அறை:
விண்டோஸ் பற்றி நான் சொல்கிறேன். 0 முதல் 31 வரை 32 பிரையாரிட்டி மட்டங்கள், ஒரே மட்டத்தில் உள்ள த்ரெட்களுக்குள் (ஒரு ப்ராசஸுக்குள் தனித்தனியாக ஓடும் பகுதிகள்) ரவுண்ட் ராபின். ஸ்லைஸை அங்கே குவாண்டம் என்பார்கள். மேசைக் கணினிப் பதிப்பில் இயல்பாக 2 கடிகார டிக், சர்வர் பதிப்பில் 12. டிக் 15.625 மில்லிசெகண்ட் என்றால் முன்னது 31.25, பின்னது 187.5.

சர்வரில் யாரும் திரையில் சுட்டியை நகர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. வந்த கோரிக்கையை ஒரே ஸ்லைஸில் முடித்து அனுப்பிவிட்டால் ஸ்விட்ச் மிச்சம். மேசைக் கணினியில் எதிரே இருப்பவருக்கு உடனே பதில் தெரிய வேண்டும், அதனால் சின்ன ஸ்லைஸ். அங்கேயும் முன்னால் திறந்திருக்கும் ஜன்னலின் த்ரெட்களுக்கு மூன்று மடங்கு, 6 டிக் வரை கொடுக்கும். கீழ் மட்டத்தில் சுமார் 4 நொடி சிபியுவே கிடைக்காமல் கிடப்பவர்களைத் தேடிப்பிடித்து, தற்காலிகமாக 15-வது மட்டத்துக்குத் தூக்கிவிடும் ஏற்பாடும் இருக்கிறது.

தேன்மொழி_ஓஎஸ்:
ஐ/ஓ சேர்த்து ஓட்டினேன். ஸ்லைஸ் 20-க்கு அக்கா சொன்ன 41 அப்படியே வந்தது. ஸ்லைஸை 1 ஆக்கினால் டிஸ்க் ப்ராசஸுக்கு 7 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை சிபியு கிடைக்கிறது, 14.3 சதவீதம். டிஸ்க்கும் 71 சதவீதம் நேரம் வேலை செய்கிறது.

இங்கே ஒன்று கவனித்தேன். ஸ்லைஸ் முடியும் அதே நேரத்தில்தான் டிஸ்க் ப்ராசஸும் எழுகிறது. புதியவர் முன்னால் என்ற விதியில் 7 வருகிறது, பழையவர் முன்னால் என்று மாற்றினால் 8 ஆகிவிடுகிறது. நான்காம்_செமஸ்டர் கேட்டது தேர்வுக் கேள்வி மட்டும் இல்லை போலிருக்கிறது. முன்வரிசை வைத்து, நடுவில் நிறுத்தாமல், ஸ்லைஸ் 20-இலேயே ஓட்டினால் 21-க்கு ஒரு முறை கிடைக்கிறது. எழுந்தவுடனே தின்னியை நிறுத்திவிட்டு இதை ஓட்டினால் 6.

சென்சார்_செல்வி:
நான்கு எண்ணும் சரி. 41-இலிருந்து 21-க்கு வந்தது வரிசையில் இடம் மாறியதால். 21-இலிருந்து 6-க்கு வந்தது ஓடிக்கொண்டிருப்பவரை நடுவில் நிறுத்தியதால். அறிக்கையில் இரண்டையும் தனித்தனியாகக் காட்டுங்கள், கலந்துவிடாதீர்கள்.

கெர்னல்_கதிர்:
அடுத்து ஸ்விட்ச் செலவு 0.05 மில்லிசெகண்ட் சேர்த்து, ஸ்லைஸை 0.1, 0.5, 1, 2, 5, 10, 20 என்று மாற்றி ஓட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் டிஸ்க் ப்ராசஸின் சுற்று நேரம் ஒரு கோடு, தின்னிகள் செய்த உபயோகமான வேலை இன்னொரு கோடு. 0.1-இல் மூன்றில் ஒரு பங்கு சிபியு ஸ்விட்சிலேயே போகும், 1-இல் 5 சதவீதத்துக்கும் குறைவு, 20-இல் கால் சதவீதம். எந்த ஸ்லைஸை நீங்கள் தேர்ந்தெடுப்பீர்கள் என்று காரணத்தோடு எழுதுங்கள். அப்படியே உங்கள் லினக்ஸில் ப்ராக் (/proc) அடைவுக்குள் ஒரு ப்ராசஸின் ஸ்டேட்டஸ் கோப்பைத் திறந்து பாருங்கள்: தானாக விட்டுக்கொடுத்த ஸ்விட்ச் எத்தனை, பிடுங்கப்பட்ட ஸ்விட்ச் எத்தனை என்று இரண்டு வரி கடைசியில் இருக்கும். எடிட்டருக்கும் கம்பைலருக்கும் அந்த எண்களை ஒப்பிட்டால் தின்னி யார், தூங்குபவர் யார் என்று பளிச்சென்று தெரியும்.

தேன்மொழி_ஓஎஸ்:
எடிட்டரில் தானாக விட்டுக்கொடுத்தது பல ஆயிரம், பிடுங்கப்பட்டது மிகக் குறைவு. கம்பைலரில் தலைகீழ். வரைபடத்தை இந்த வாரம் போட்டுவிடுகிறேன் அண்ணா.